சீசன் ஆய்வுக் கூட்டம்

பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு பேஸ்மென்ட். அமெரிக்கன் ஃபுட்போல் தமிழ் ரசிகர் சங்கம் சூடாகியிருந்தது.

“எங்கட டீமுக்கு ஒரு சீசனில பதினொரு தோல்வி! கோச்சை மாத்தவேணும்,” என்று மேசையில் அடித்தார் தலைவர் குலசிங்கம்.

“கோச்சில பிழையில்லை. பந்து எறியிறவன்தான் சரியில்லை!” என்று கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார் செயலாளர்.

சங்கமே இரண்டாக உடையும் போலிருந்தது. புதிதாகச் சேர்ந்த உதயன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். ஒரு மட்ச் விடாமல் பார்த்த தனக்கே இவ்வளவு விளங்கவில்லையே!

“அண்ணை, கடைசி மட்ச் பாத்தனீங்களோ?” என்று மெல்லக் கேட்டான்.

“எப்பிடியடாப்பா பாக்கிறது? மட்ச் ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொரு ஞாயிறும் எங்களுக்குக் கூட்டமெல்லோ!” என்றார் தலைவர்.

செயலாளரும் ஆமோதித்தார். உடையவிருந்த சங்கம் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது: அடுத்த சீசனிலிருந்து மட்செல்லாம் சனிக்கிழமை.