அம்மா சைக்கிள் கற்றுக்கொண்டாள்

"கீழ பாக்காதம்மா. பெடல் எங்கயும் ஓடிப்போகாது. முன்னாடி பாரு."

சொல்லி வாய் மூடவில்லை, அம்மா சைக்கிளோடு வேலியோரச் செடிகளுக்குள் போய்ச் சாய்ந்தாள். விளையாடிக்கொண்டிருந்த பொடிசுகள் சிரித்தன. அம்மாவும் சேர்ந்து சிரித்தபடி எழுந்து, முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "சரி, மறுபடி பிடி" என்றாள்.

அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் இருந்த அந்தக் காலி இடத்தில் மூன்று வாரமாக இதே கூத்துதான். கற்றுக்கொடுப்பவளுக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். போன வருஷம் வரை அந்தப் பெயருக்குப் பொருத்தமாகத்தான் இருந்தாள். சரிவான தெருவில் இரண்டு கையையும் விட்டுவிட்டு இறங்கி, நின்றுகொண்டிருந்த வேன் மேல் மோதி, இடது கை முறிந்ததோடு எல்லாம் போயிற்று. எலும்பு கூடிவிட்டது, தைரியம்தான் கூடவில்லை. சிநேகிதிகள் சைக்கிளில் வந்து கூப்பிட்டால், தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வாள். நாளடைவில் அவர்களும் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே அவள் சைக்கிள் தூசி படிந்து கிடந்தது.

அதைத் துடைத்து வெளியே எடுத்தவள் அம்மா. அவளுக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. அடுத்த மாதத்திலிருந்து விடியற்காலை ஷிப்ட், அந்நேரத்துக்கு பஸ் கிடையாது, சைக்கிள் ஓட்டத் தெரிந்தால்தான் பிழைப்பு என்றாள்.

"நீதான் சொல்லிக்குடுக்கணும். உங்கப்பாகிட்ட கத்துக்கிட்டா ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவாரு."

"நான் ஏற மாட்டேன். வாயால சொல்றேன், அவ்வளவுதான்."

"வாயாலயே சொல்லு. அதுல உனக்கு என்ன குறைச்சல்?"

வாலு வாயால் சொல்லிப் பார்த்தாள். சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. எதிர்வீட்டு ஒன்றாம் வகுப்புச் சுட்டி இரண்டே சாயங்காலத்தில் கற்றுக்கொண்டு அம்மாவைச் சுற்றிச் சுற்றி வட்டமடித்தாள். அம்மாவுக்கு மானம் போயிருக்குமே என்று வாலுவுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்குப் பயம் கிடையாது, பெரியவர்களுக்கு அப்படியில்லை, அதனால்தான் நாளாகிறது என்று ஆறுதல் சொன்னாள்.

"வாஸ்தவம்தான்" என்றாள் அம்மா. "விழுந்தா என்ன ஆகும்னு மனசு முன்னாடியே போய்ப் பாத்துட்டு வந்துடுது."

அன்று அம்மாவின் முழங்கால் காயத்துக்கு வாலுதான் மருந்து போட்டுவிட்டாள். தான் விழுந்தது ஒரே ஒரு தடவை. அதோடு சைக்கிளுக்கு முழுக்குப் போட்டாயிற்று. அம்மா தினமும் விழுகிறாள். மறுநாள் வேலை முடிந்து வந்ததும், டீகூடக் குடிக்காமல் தனக்கு முன்னால் கீழே போய் நிற்கிறாள். இந்த வயதில் இவளுக்கு இவ்வளவு வைராக்கியம் எங்கிருந்து வந்தது என்று வாலுவுக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

நான்காவது வாரம் அம்மா ஒருவழியாக நேராக ஓட்டினாள். ஆனால் தண்ணீர்த் தொட்டியருகே திரும்புகிற இடம் வந்தால் போதும், ஹேண்டில் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம், தொப்பென்று விழுவாள். உடம்பை லேசாகச் சாய்க்க வேண்டும் என்று வாலு தொண்டை வற்றச் சொன்னாள். கையைக் காலை ஆட்டி நடித்தும் காட்டினாள்.

"எனக்கு மண்டையில ஏறலடி" என்று அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "சைக்கிளும் வேணாம், ஒண்ணும் வேணாம். வேலைய விட்டுடறேன்."

வாலுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் இத்தனை அடிபட்டது இதற்குத்தானா? கீழே கிடந்த சைக்கிளை வெடுக்கென்று தூக்கினாள்.

"இங்க பாரு. இது என்ன பெரிய வித்தையா?"

ஏறி மிதித்தாள். தொட்டியருகே சாய்ந்து, வளைந்து, திரும்பினாள். திரும்பிய பிறகுதான் தன் கால்கள் தரையில் இல்லை என்பதே அவளுக்கு உறைத்தது. ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தாள். சைக்கிள் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அம்மா எழுந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

"பாத்தியா? அவ்வளவுதாம்மா."

"இன்னொரு தடவை காட்டு" என்றாள் அம்மா. "சரியாப் பாக்கல."

இன்னொரு தடவை காட்டினாள். அப்போதும் அம்மா சரியாகப் பார்க்கவில்லையாம். விளக்குப் போடும் நேரம் வரை வாலு காட்டிக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரமே அம்மாவுக்குத் திருப்பம் கைவந்துவிட்டது. கால் ஊன்றாமல், மணியடித்துக்கொண்டு வேலைக்குப் போகவும் ஆரம்பித்தாள். சாயங்காலங்களில் அதே சைக்கிளை எடுத்துக்கொண்டு வாலு சிநேகிதிகளோடு கிளம்பிவிடுவாள்.

லீவுக்கு அம்மாவின் தம்பி வந்திருந்தார். மாமாவைச் சோபாவில் உட்காரக்கூட விடவில்லை, வாலு தன் பெருமையை அவிழ்த்துவிட்டாள். அம்மாவுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது தான்தான், ஒரு மாதம் ஆயிற்று, ஆனாலும் அம்மா விடவே இல்லை, அம்மா மாதிரி ஒருத்தியைப் பார்க்கவே முடியாது என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

மாமா அவளையே ஒரு மாதிரி பார்த்தார்.

"நீங்க கத்துக்க எத்தனை நாள் ஆச்சு மாமா?"

"எனக்கா? ரெண்டே நாள்" என்றார் மாமா. "பள்ளிக்கூடத்துக்கு என்னைப் பின்னாடி உக்கார வச்சு வருஷக்கணக்கா மிதிச்சு அலுத்துப்போய், இனி நீயே ஓட்டுடான்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே உங்கம்மாதானே."