மூணு எட்டானது

வராந்தாவில் யாரும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டுதான் கீழ்வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே வந்தார். கையில் கறுப்பு மார்க்கர்.

கதவுக்கு மேலே, வெள்ளைத் தகட்டில் 3 என்ற எண் ஒட்டியிருந்தது. அதன் இடப்பக்கம் மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு. 3 எட்டாகிவிட்டது.

மூடியைப் போட்டு மார்க்கரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல உள்ளே போய் உட்கார்ந்தார்.

நிஜமான எட்டு இரண்டாவது மாடியில். அங்கே குடியிருப்பவள் ஒரு பல் டாக்டர். கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. பார்சல் சுமந்து வருகிறவர், கீழேயே எட்டு கண்ணில் பட்டால் மூச்சு வாங்க மாடி ஏறுவாரா என்ன?

காலிங் பெல் அடித்தது.

"டாக்டரம்மா வீடுதானே சார்?"

"ஆமா, குடுங்க. வெயில்ல வந்திருக்கீங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

"இன்னும் நிறைய வீடு இருக்கு சார்."

"தண்ணி குடிக்க எவ்வளவு நேரம் ஆகப்போகுது? வீடு எந்தப் பக்கம்? பிள்ளைங்க இருக்காங்களா?"

வந்தவர் நின்றபடியே குடித்தார். நின்றபடியே பதில் சொன்னார். அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் வீட்டில் ஆள் இருப்பது போல இருந்தது.

சாயங்காலம் டாக்டர் வந்து பார்சலை வாங்கிக்கொள்வாள். அப்போது இன்னும் நாலு வார்த்தை.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர் அவர். வேலையில் இருந்தவரை காதில் யாராவது பேசிக்கொண்டே இருந்தார்கள். மனைவி போன பிறகு சொந்த போன்கூட அடிப்பதில்லை. வெளியூரில் இருக்கும் மகன் எப்போதாவது மெசேஜ் போடுவான். அதுவும் பொம்மைப் படம்தான்.

டாக்டர் முதல் தடவை அந்த எட்டைப் பார்த்தபோது சிரித்தாள். கைப்பையிலிருந்து சானிடைசரை எடுத்தாள், பஞ்சை அதில் நனைத்தாள், ஒரே துடைப்பு. கோடு மாயம்.

"பேருதான் பர்மனென்ட் மார்க்கர் சார். ஸ்பிரிட் பட்டா நிக்காது."

மறுநாள் அவள் கிளினிக் கிளம்பியதும் கோடு திரும்ப வந்துவிட்டது.

அப்புறம்தான் அது நடந்தது. மறுநாள் ஓட்டப்பந்தயத்துக்காக டாக்டரின் மகளுக்குப் புது ஷூ வந்தது. வாங்கி வைத்தவர், மாத்திரை மயக்கத்தில் தூங்கிப்போனார். சாயங்காலம் டாக்டர் வந்து கதவைத் தட்டியது அவர் காதில் விழவில்லை.

மறுநாள் வந்து நின்ற டாக்டர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"பாப்பா பழைய ஷூவைப் போட்டுக்கிட்டே ஓடியிருக்கா சார். கால் முழுக்கக் கொப்புளம். இது யார் வேலைன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"முதல் மாடிப் பசங்களாத்தான் இருக்கும்மா." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அவங்க லீவுக்கு ஊருக்குப் போய் நாளாச்சே."

அவர் பார்சலை நீட்டினார். அவள் பார்வை பார்சலில் இல்லை. அவருடைய ஆள்காட்டி விரலில் இருந்தது. நகக்கண் வரைக்கும் கறுப்பு.

பஞ்சை நனைத்துத் தகட்டைத் துடைத்தாள். பிறகு சானிடைசர் பாட்டிலை அவர் கையில் வைத்தாள்.

"விரல்ல இருக்கிறதும் இதுலயே போயிடும் சார்."

"யாராவது பெல் அடிச்சாத்தானேம்மா எனக்கும் பேச ஒரு ஆள் கிடைக்கும்..."

"இனிமே இந்த நம்பர்ல கை வைக்காதீங்க."

அவ்வளவுதான். மாடி ஏறிப் போய்விட்டாள்.

தோல் சிவக்கும்வரை அவர் விரலைத் தேய்த்தார். மார்க்கரைக் குப்பையில் போட்டார். அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று, அவள் கிளம்பிப் போன பிறகே பால் வாங்க வெளியே வந்தார்.

பெல் அடிப்பது நின்றுபோனது. காலடிச் சத்தம் வரும், பாதி எழுந்திருப்பார், சத்தம் கதவைத் தாண்டி மாடி ஏறிவிடும். மறுபடி உட்கார்ந்துகொள்வார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் பெல் அடித்தது.

திறந்தார். பார்சலோடு ஒருவர் நின்றுகொண்டு டாக்டரின் பெயரைச் சொன்னார்.

அவர் அவசரமாக மேலே தகட்டைக் காட்டினார். "இது மூணுங்க. எட்டு ரெண்டாவது மாடி. தகட்டை நல்லாப் பாருங்க, நான் ஒண்ணும் பண்ணல."

"எட்டு மேலதான்னு எனக்கும் தெரியும் சார். டாக்டரம்மாதான் தன்னோட அட்ரஸையே மூணாம் நம்பர்னு மாத்திட்டாங்க."