குளிர் நிற்கும் அறை

"கரண்ட் போனா இந்த அறைக்குள்ள குளிர் எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று கேட்டார் யாகப்பு.

சுவரோடு ஜிப்சம் போட்டை அழுத்திப் பிடித்திருந்த ஜெஸீம் திரும்பவில்லை. "கதவைச் சாத்தி வச்சா மூண்டு மணித்தியாலம் நிக்கும், ஐயா."

"மூண்டு நாள் நிக்காதோ?"

"இது படுக்கிற அறை ஐயா. ஐஸ் கொம்பனி இல்லை."

யாகப்பு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். முப்பது வருசம் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகும் தலைமன்னாரில் எந்தக் கூட்டமென்றாலும் முன்வரிசைக் கதிரை அவருக்குத்தான். பயத்தை வெளியே காட்டிப் பழக்கமில்லை.

போன மாதம் அயல்வீட்டுச் சிங்கராசா செத்தபோது, பிள்ளைகள் கனடாவிலிருந்து வந்து சேரும்வரை ஐந்து நாள் உடலை ஆஸ்பத்திரிக் குளிரறையில் வைத்திருந்தார்கள். செத்த வீட்டில் யாகப்பு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "என்னை அப்பிடி வைக்கக்கூடாது. என்ர வீட்டில, என்ர அறையிலதான் வைக்கோணும்." சூரிச்சிலிருந்து மகன் சாந்தரூபன் அதை வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த கிழமை யாகப்புவும் மனைவி ஜூலியட்டும் கொழும்புக்குப் போய் முழு உடம்பையும் சோதித்துக்கொண்டு வந்தார்கள். காசு கட்டியவன் மகன் என்பதால் ரிப்போட்டுகள் அவனுடைய போனுக்கே போயின. அவனிடமிருந்து யாகப்புவுக்குப் பேச்சு மூச்சில்லை. நாலாம் நாள் வாசலில் வந்து இறங்கியது ஒரு லொறி ஜிப்சம் போட், ஒவ்வொன்றின் முதுகிலும் குளிரை வெளியே விடாத தடித்த ரெஜிபோம் ஒட்டியபடி. கூடவே, கத்தாரில் எட்டு வருசம் இதே வேலை பார்த்த ஜெஸீம்.

மூன்று சுவர் முடிந்துவிட்டது. பக்கத்துக்கு மூன்று அங்குலம் உள்ளே வந்திருந்தது அறை. யாகப்பு ஒரு சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். சவப்பெட்டியைத் தட்டியது போலிருந்தது. கையை இழுத்துக்கொண்டார்.

"மகன் உம்மட்ட என்ன சொன்னவர்?"

"கெதியா முடிக்கச் சொன்னவர். இந்த மாசத்துக்குள்ள ஏசியும் பூட்டோணுமாம். கதவையும் அகலமாக்கச் சொன்னவர்."

"கதவையோ? ஏன்?"

"நான் கேக்கேல்லை ஐயா. அளவை அனுப்பினவர், வெட்டினனான்."

தோளில் சுமையோடு நாலு பேர் இடிபடாமல் வெளியேற எவ்வளவு அகலம் வேண்டும் என்று யாகப்பு மனதுக்குள் கணக்குப் பார்த்தார். ஜெஸீம் வெட்டியது தாராளமாகக் காணும்.

ஜூலியட் ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி தேத்தண்ணி கொண்டுவந்தாள். "இஞ்சருங்கோ, ஏன் முகம் பேயறைஞ்ச மாதிரிக் கிடக்கு?"

"நான் போனா நீ என்ன செய்வாய், ஜூலியட்?"

"எங்க போறியள்?"

"விளையாடாத. இந்த அறை எதுக்கெண்டு எனக்குத் தெரியும்."

அவள் அவரையே பார்த்தாள். "ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லத் தேவையில்லை. எனக்குக் கண்ணிருக்கு."

"பயமா இருக்கோ?"

"எனக்கென்ன பயம்," என்றார் யாகப்பு. சுடச்சுடத் தேத்தண்ணியை ஊதாமலே குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். "உன்னை நினைச்சாத்தான் கவலை. காலமை எழும்பி ஆருக்குத் தேத்தண்ணி போடுறதெண்டு தெரியாமத் திண்டாடப்போறாய்."

ஜூலியட்டுக்குச் சிரிப்பு வந்தது. "முதல்ல நீங்கள் தேத்தண்ணி போடப் பழகுங்கோ," என்று சொல்லிவிட்டு, கட்டிலில் மெல்ல உட்கார்ந்தாள்.

அன்று பின்னேரம் சாந்தரூபன் போன் எடுத்தபோது யாகப்பு முற்றத்துக்குப் போய், ரயில் வருகையை அறிவிக்கிற குரலை வரவழைத்துக்கொண்டார்.

"ஒளிக்காமச் சொல்லு. எனக்கு இன்னும் எத்தினை நாள்? நான் தாங்குவன்."

"என்ன அப்பா சொல்லுறியள்?"

"என்ர ரிப்போட்டைத்தான் கேக்கிறன்."

"உங்கட ரிப்போட்டில ஒண்டுமில்லை. கொழுப்பு மட்டும் கொஞ்சம் கூட. டொக்டரே ஆச்சரியப்பட்டவர், இந்த வயசில இப்பிடி உடம்போ எண்டு."

யாகப்புவின் நெஞ்சு நிமிர்ந்தது. அயலுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். "அதுதானே பாத்தன். எனக்கென்ன குறை? பிறகேன் காசைக் கொட்டி இந்த அறை?"

சாந்தரூபனின் குரல் இறங்கியது.

"அப்பா... அம்மாவின்ர வருத்தத்துக்குச் சூடு ஆகாது, போகப்போக வீல்செயரும் வேணும். அம்மா இன்னும் உங்களிட்டச் சொல்லேல்லையோ?"