சிமெண்டுக் கோப்பை

கோல் கம்பங்களுக்கு நடுவே நின்று ஸ்மரந்தா அழுதுகொண்டிருந்தாள். சர்வதேச மகளிர் ஹேண்ட்பால் போட்டியின் கடைசி ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருந்தன. ருமேனிய அணி ஒரே ஒரு கோல் முன்னணியில் இருந்தது. போலந்துக்குத் தண்டனை வீச்சு வழங்கப்பட்டிருந்தது.

"அழுகையை நிறுத்தும்மா!" பயிற்சியாளர் கொர்நெலியு கோட்டோரத்தில் மண்டியிட்டுக் கத்தினார். "பந்து உள்ள போனா சமன். சமன்னா, மொத்தக் கோல் கணக்குல கோப்பை அவளுங்களுக்குப் போயிடும். நான் நம்ம ஊர் பிரயிலாவுல தலை காட்ட முடியாது!"

"தெரியும் தோழரே. எல்லாம் இந்த ஒரு பந்துலதான் இருக்கு."

"நம்ம ரோதிகாவுக்கு என்ன கேடு வந்துச்சு? சும்மா போனவளை இடுப்போட கட்டிப் பிடிச்சு, வீச்சைத் தூக்கிக் குடுத்துட்டா! சரி, சாமி கும்பிட்டுக்கோ. நான் கட்சிக்காரன், எனக்கும் சேர்த்து நீயே கும்பிடு."

பரிசு மேடையைப் பார்த்தபடியே அவள் சிலுவைக் குறி இட்டுக்கொண்டாள். மேடையில், சிமெண்ட் ஆலையொன்று அன்பளிப்பாக அளித்த வெற்றிக்கோப்பை நின்றது. அடி முதல் நுனி வரை சிமெண்டிலேயே வார்க்கப்பட்டது, நான்கு ஆண்கள் மூச்சு வாங்கி ஏற்றிவைத்தது. அதன் நிழலில் இரண்டாம் பரிசுக்குரிய ஆரஞ்சுப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன.

முதல் வரிசையிலிருந்து அவளுடைய மகள் இலின்கா கையசைத்தாள். மடியில் காலி வலைப்பை. எண்பதுகளின் அந்தக் குளிர்காலங்களில் பையில்லாமல் எவரும் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. எந்தத் தெருவில் எது விற்பனைக்கு வரும் என்று யாருக்குத் தெரியும்?

ஏழு மீட்டர் கோட்டில் போலந்து அணித்தலைவி ஹலினா வந்து நின்றாள். பந்து வழுக்காதிருக்க ஆட்டக்காரிகள் விரலில் பைன் பிசின் பூசிக்கொள்வது வழக்கம். அவளோ பந்தின் மேலும் அள்ளி அப்பிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது, பள்ளியில் வேண்டாவெறுப்பாகக் கற்ற ரஷ்ய மொழி ஒன்றுதான்.

"அக்கா, எந்தப் பக்கம் பாயப் போறே?"

"நீ எந்தப் பக்கம் போடுவேன்னு முதல்ல சொல்லு. அப்புறம் நான் முடிவு பண்ணிக்கிறேன்."

நடுவர் ஊதினார். அதே கணத்தில் விளக்குகள் அத்தனையும் அணைந்தன.

அரங்கு நிறைந்திருந்த கூட்டத்தில் ஒருவரும் கூச்சலிடவில்லை. மின்சாரம் போவது அங்கே மழை பெய்வதைப் போல ஓர் இயற்கை நிகழ்வு. இருட்டில் சூரியகாந்தி விதை கொறிக்கும் ஓசை மட்டும் சீராகக் கேட்டது.

வெளிச்சம் திரும்பியபோது, பந்து ஸ்மரந்தாவின் இரு உள்ளங்கைகளிலும் கெட்டியாக இருந்தது. நடுவர் வலையைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், தான் காணாத ஒன்றைக் குறித்து முழு உறுதியுடன், "தடுக்கப்பட்டது!" என்று அறிவித்து ஆட்டத்தை முடித்தார். அரங்கு அதிர்ந்தது.

தோற்ற போலந்துப் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தனர். தோல்வியிலும் எத்தகைய பண்பாடு என்று விருந்தினர் வரிசை வியந்தது. ருமேனியப் பெண்களோ சிமெண்டுக் கோப்பையை வெறித்தபடி அசையாமல் நின்றனர். வெற்றியிலும் எத்தகைய அடக்கம் என்று அதே வரிசை மீண்டும் வியந்தது.

ஸ்மரந்தா கைகளை உதறினாள். பந்து விழவில்லை. முதல் வரிசையில் இலின்கா வலைப்பையை மடித்துக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

கொர்நெலியு ஓடிவந்து, பந்தோடு சேர்த்து அவளைத் தூக்கிச் சுற்றினார். "என் தங்கமே! கும்மிருட்டுல எப்படிம்மா பிடிச்சே?"

"எங்க பிடிச்சேன்? கம்பத்துக்கு வெளியில ஒதுங்கி நின்ன என்னைத் தேடி அந்த ஹலினா வந்து, 'மன்னிச்சுக்கோ அக்கா, எம்புள்ளைங்க ஆரஞ்சைக் கண்ணால பாத்ததே இல்ல'ன்னு கையில ஒட்டிட்டுப் போயிட்டா!"