ஒரு மூட்டை வெடி

இறந்துபோன மச்சான் பூவராகனைத் தூக்க ஊரே திரண்டுவிட்டது. தங்கராசு சிதம்பரத்தில் வாங்கிய வெடி மூட்டையை வாசலில் இறக்கினார். புருஷனை இழந்த தங்கை அஞ்சம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"வெடி வேணாம்ண்ணே."

"என்னா புள்ள பேசற? கார்கில்ல சண்டை போட்டவரு ஒம் புருஷன். வெடி போடாம எடுத்தா குடிகாட்டு சனமே காறித் துப்பும்."

"துப்பட்டும்."

தங்கராசுவுக்குச் சுருக்கென்றது. "எம் பொண்ணு கல்யாண ஊர்வலத்துல அவ்ளோ வெடி போட்டமே, மச்சான் சிரிச்சிக்கிட்டே முன்னாடி நடந்தாரே! அவருக்கு இதுகூடச் செய்யலன்னா எப்படி?"

அஞ்சம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து, விடியிற வரைக்கும் கட்டிலுக்கடியில நடுங்கிக்கிட்டுக் கெடந்தாருண்ணே. சண்டையிலேருந்து வந்த நாளா அவருக்கு வெடிச்சத்தம் ஆவாது. 'நம்ம வீட்டுக் கல்யாணத்துல நான் ஒளிஞ்சா நல்லாருக்காது'ன்னுதான் நடந்தாரு. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

தங்கராசு ஒரு குடம் தண்ணீரை எடுத்து மூட்டையின் மேல் கவிழ்த்தார். பிறகு பறையடிப்பவர்களிடம் போய்க் கைகூப்பினார்.

"மெதுவா அடிங்கப்பா. மச்சான் இப்பதான் நிம்மதியா தூங்கறாரு."