ஊசியா, கத்தியா

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: முகச் சீரமைப்பு செய்யும் பெண் மருத்துவர், அறுபத்தாறு வயதில் அவரைத் தேடி வந்த அம்மா, அம்மாவை எப்பாடுபட்டாவது திருப்பி அழைத்துப் போய்விட வேண்டும் என்று உடன் வந்த மகள், அதே நோக்கத்தோடு பத்து நிமிடம் தாமதமாக வந்து சேர்ந்த மகன்.

மகளுக்கு நாற்காலி முள்ளாய்க் குத்தியது. மருந்து நிறுவனத்தில் மேலாளர் அவள். எடுத்திருப்பது அரை நாள் விடுப்பு. கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைப்பாள், மறு நிமிடமே நிமிர்த்திப் பார்ப்பாள்.

"டாக்டர், முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இவங்க பேத்திக்கே பதினோரு வயசு. இந்த வயசுல யாரு பார்க்கப் போறாங்கன்னு இந்த ஆசை?"

"ஆசைதானேம்மா, வந்துட்டுப் போகட்டும்" என்றார் மருத்துவர்.

மகன் கார் விற்பவன். வாய் சும்மா இருக்காது. "சுருக்கமாச் சொல்லுங்க டாக்டர். பாலிஷ் போட்டாப் போதுமா, டிங்கரிங்கே பண்ணணுமா?"

"நீ வாயை மூடுடா. அவங்க சொல்லட்டும்" என்றார் அம்மா.

மருத்துவர் ஒரு கண்ணாடியை அம்மாவின் முன் வைத்தார். அம்மா அதைப் பாராமலே ஓரமாக நகர்த்தினார்.

"ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கத்தியே வைக்காமப் பண்றது. தொய்ஞ்ச இடத்துல ஊசி போட்டு நிரப்புவோம், லேசர் காட்டுவோம். அரை மணி நேர வேலை. ஒரு வருஷம் போல நிக்கும். இங்கேருந்து நேரா வீட்டுக்குப் போய் சாயங்காலமே சமைக்கலாம்."

"சாயங்காலமேவா?" அம்மாவின் குரல் ஏனோ இறங்கியது.

மகளின் கைப்பேசி அதிர்ந்தது. அழைத்தவர் அவள் கணவர். "அம்மா, அவரோட நீலச் சட்டை எங்கேன்னு கேக்கறார்."

"பின்னாடி ரெண்டாவது கொடியில காயுது. காலர் ஈரமா இருக்கும், இஸ்திரி போட்டுக்கச் சொல்லு." பிறகு மருத்துவரிடம், "இன்னொரு வழி?"

"ஆபரேஷன். காதோரமாக் கீறி, தோலை மேல இழுத்துத் தைப்போம். முகம் வீங்கும், கன்னிப் போகும். தலையைச் சுத்திக் கட்டு இருக்கும். ரெண்டு வாரம் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, அடுப்புச் சூடு முகத்துல படக் கூடாது. ஆனா எட்டு, பத்து வருஷம் நிக்கும். உங்களுக்கு அவ்வளவு தேவையே இல்லைம்மா. ஊசியே போதும்."

"துணி துவைக்கலாமா?"

"கூடவே கூடாது."

"ரெண்டு வயசுப் பேரன் இருக்கான். தூக்கலாமா?"

"நினைச்சே பார்க்காதீங்க."

இதைக் கேட்டு அம்மா மிரண்டுபோவார் என்று மகள் காத்திருந்தாள். மிரளவில்லை. மழைக்கு ஒதுங்க இடம் கிடைத்தவர் போல நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"ஆபரேஷனே பண்ணிடுங்க."

"உனக்கென்ன பைத்தியமாம்மா? அப்பா போய் முழுசா மூணு வருஷம் ஆகலை. தெருவுல நாலு பேர் என்ன பேசுவாங்க?" மகளுக்குக் கழுத்துவரை சூடேறியது.

மருத்துவர் கையுயர்த்தி அவளை அடக்கினார். "உங்க முகத்துல உங்களுக்கு எது பிடிக்கலைம்மா?"

"முகத்துக்கு என்ன? அது பாட்டுக்கு இருக்கு."

"பின்ன எதுக்குக் கத்தி?"

அம்மா பிள்ளைகள் பக்கம் திரும்பவே இல்லை. பாடம் ஒப்பிப்பவர் போல நிதானமாகச் சொன்னார். "போன மாசம் முதுகு வலின்னு படுத்தேன். தைலம் தேய்ச்சுட்டு எழுந்திரும்மா, நேரமாச்சுன்னு சொன்னா இவ. உடம்பு அனலாக் கொதிக்குதுன்னேன். நெத்தியைத் தொட்டுட்டு, ஒண்ணுமில்லையேன்னு பிள்ளையை என் பக்கத்துல இறக்கி விட்டுட்டுப் போனான் இவன். உள்ள இருக்கற வலி யார் கண்ணுக்கும் தெரியறதில்லை டாக்டர். முகத்துல கட்டு போட்டாத் தெரியும். பதினாலு நாள் நான் படுத்துக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

தைலம் என்று தான் சொன்னது மகளுக்கு நினைவுக்கு வந்தது. எந்த நாள் என்பதுதான் நினைவுக்கு வரவில்லை.

அறுவைக்கான படிவத்தை மருத்துவர் இழுப்பறைக்குள் தள்ளினார். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தார். "இதுக்குக் கத்தி எதுக்கும்மா? பதினாலு நாள் முழு ஓய்வுன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்." பேனாவோடு நிமிர்ந்து பிள்ளைகளைப் பார்த்தார். "கூட இருந்து பார்த்துக்கறவங்க பேரையும் எழுதணும். யார் பேரை எழுதட்டும்?"

கத்தி இல்லை என்றதும் மகளுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. "இவன் பேரை எழுதுங்க டாக்டர். இவனுக்கு லீவு சுலபமாக் கிடைக்கும்."

"அம்மா இருக்கறது உன் வீட்டுலதானே?"

"உன் பிள்ளையையும் சேர்த்துத்தானே பார்த்துக்கறாங்க?"

"சரி, சண்டை வேண்டாம். முதல் வாரம் நீ பாரு, அடுத்த வாரம் நான்."

"முதல் வாரம் எனக்குத் தலைக்கு மேல வேலை. நீ முதல் வாரம் எடுத்துக்கோ."

"மாசக் கடைசிடி, வண்டி டெலிவரி எல்லாம் அப்பத்தான். எப்படி முடியும்?"

பேனா தாளின் மேல் அப்படியே நின்றது.

முதல் வாரம் யாருடையது என்று முடிவாவதற்குள், அம்மா எழுந்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே நடந்தார்.