ஊமையான டிரம் பெட்டி

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைண்ணே, கடையே திறக்கலை. பெட்டியை வச்சுட்டுப் போங்க, செவ்வாய்க்கிழமை பாத்து வைக்கிறேன்."

உபால்தோ சொல்லி முடிப்பதற்குள் பெரியவர் நிகானோர் உள்ளே வந்து பழுதுபார்க்கும் பட்டறையின் கதவைத் தாழிட்டார். தன் மின்சார டிரம் பெட்டியை மேசைமேல் வைத்தார். நாற்காலியை இழுத்துக் கதவோரம் போட்டு உட்கார்ந்தும் விட்டார்.

"செவ்வாய்க்கிழமை யாரு எப்படி இருப்போமோ! இப்பவே பாரு தம்பி. விளக்கு எரியுது, எந்தத் தட்டுல அடிச்சாலும் சத்தம் வரலை."

உபால்தோ கடிகாரத்தைப் பார்த்தான். மணி இரண்டரை. மூன்றரைக்கு அக்கா ஊருக்கு பஸ். நான்கு மணிக்கு அவன் கார்தஹேனா நகரத்திலேயே இருக்கக் கூடாது.

நான்கு மணிக்கு மூலைத் திடலில் நிகானோரின் போட்டிக்காரன் அர்ஹெமிரோவின் பிகோ முழங்கப் போகிறது. சுவர் உயர ஒலிபெருக்கி, எதிரே ஆடும் சனம், பாட்டுக்கு நடுவே முதலாளியே தட்டும் மின்சார டிரம். இதுதான் பிகோ. கார்தஹேனாவில் பிகோவுக்குப் பஞ்சமில்லை; நிகானோரும் ஒன்று வைத்திருந்தார். ஆனால் நிகானோரின் பெட்டிக்கு இருக்கும் சத்தம் வேறு எவனுடையதற்கும் கிடையாது. முப்பது வருடத்துப் பழைய பெட்டி. யாரும் பார்த்து வாங்கிவிடக் கூடாதென்று உள்ளே அந்தச் சத்தம் பதிந்திருக்கும் சிப்பின் எண்ணைக்கூட அவர் சுரண்டி எடுத்திருந்தார்.

மூன்று வாரத்துக்கு முன் பெட்டி பழுதுக்கு வந்தபோது அந்தச் சிப்பை நகலெடுத்து அர்ஹெமிரோவிடம் கொடுத்துவிட்டான் உபால்தோ. பதிலுக்கு வந்தது ஒரு ஏ.சி. மெஷின். இன்று அந்தச் சத்தம் திடலில் கேட்டதும் குட்டு உடைந்துவிடும். நிகானோரின் பெட்டியைத் திறந்த ஆள் ஊரில் அவன் ஒருவன்தான். போன வருடம் நிகானோரின் இசைத்தட்டைத் திருடியவன் இன்னும் நொண்டிக்கொண்டுதான் நடக்கிறான்.

"ஏ.சி. புதுசா தம்பி?"

"ம்... சொந்தக்காரங்க குடுத்ததுண்ணே."

"நல்ல சொந்தம். அப்புறம் ஏன் உனக்கு இப்படி வேர்க்குது?"

உபால்தோ குனிந்து திருகாணிகளைக் கழற்றினான். ஒன்று கீழே விழுந்து ஓடியது. மீட்டரை வைத்துப் பார்த்தான். மின்சாரம் சரியாக வந்தது. தட்டுகளில் அடித்தால் பெட்டிக்குள் துடிப்பு வந்து சேர்ந்தது. உப்பியிருந்த ஒரு கெப்பாசிட்டரை மாற்றினான். இணைப்புகளை ஆல்கஹால் தொட்டுத் துடைத்தான். பெட்டி வாயைத் திறக்கவில்லை.

"அண்ணே, ஒரு பியூஸ் வேணும். தெருமுனைக்குப் போய் ஓடி வந்துடுறேன்."

நிகானோர் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு பியூஸை எடுத்து நீட்டினார். "எதுக்கு வெயில்ல அலையுறே? எல்லாம் கொண்டுவந்திருக்கேன்."

மூன்றரை மணி பஸ் போய்விட்டது. இனி இந்தப் பெட்டியை முடித்து அவரை அனுப்பினால்தான் பிழைப்பு. சிப்பிலிருந்து வெளியே போகும் பட்டை வயரைப் பிடுங்கி, ஒவ்வொரு முனையாக விளக்கில் காட்டிப் பார்த்தான்.

ஐந்தாவது முனையில் துளியூண்டு டேப் சுற்றியிருந்தது. தூசி படியாத புது டேப்.

அது தானாக வந்து ஒட்டிக்கொள்ளுமா? யாரோ வேண்டுமென்றே ஒட்டியிருக்கிறார்கள். அவனை இங்கேயே உட்கார வைக்கத்தான். உபால்தோ மெல்லத் தலையைத் தூக்கினான். நிகானோர் கண்ணிமைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டுபிடிச்சிட்டியா?"

அந்த நேரம் பார்த்துத் திடலில் பிகோ முழங்கியது. பட்டறையின் தகரக் கூரை அதிர்ந்தது. பாட்டுக்கு நடுவே டிரம் விழுந்தது. அதே சத்தம், அச்சு அசலாக. நிகானோர் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார்.

உபால்தோ அப்படியே சரிந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, புத்தி கெட்டுப் போய்ப் பண்ணிட்டேன். எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்கண்ணே. உயிரோட மட்டும் விட்டுடுங்க!"

"உஷ்! அழாம கேளு. அர்ஹெமிரோ இப்ப நாலு தட்டையும் சேத்து அடிப்பான்."

அடித்தான். டிரம் சத்தத்துக்குப் பதிலாக அர்ஹெமிரோவின் அத்தனை ஒலிபெருக்கிகளிலும் நிகானோரின் குரலே வெடித்தது. "நிகானோர்தான் ராஜா! அர்ஹெமிரோ திருடன்!" பேட்டையே விழுந்து விழுந்து சிரித்தது.

"போன தடவை உன்கிட்டக் கொண்டுவந்தப்போ பெட்டியில இருந்தது பொறி வச்ச சிப்புடா, நாலையும் சேத்து அடிச்சா என் குரல் வரும்" என்றார் நிகானோர். "அதுக்கு முன்னாடியே அர்ஹெமிரோ உன்னைத் தேடி வந்துட்டுப் போனது எனக்குத் தெரியும். கூட்டத்துக்கு முன்னாடி பாட்டு சூடு பிடிச்சதும் பிகோக்காரன் எவனும் நாலையும் சேத்துதான் அடிப்பான், ஆனா ஆளில்லாத இடத்துல அப்படி அடிச்சா பெட்டி ஊமையாயிடும்னு நம்ம ஆளுங்களுக்குப் பயம். எவனும் வீட்டுல அடிச்சுப் பாக்கமாட்டான். நீயும் பாக்கலை, அவனும் பாக்கலை."

உபால்தோ தரையில் இருந்தபடியே அவரை அண்ணாந்து பார்த்தான். "அப்போ... டேப்பு ஒட்டி, கதவைச் சாத்தி, இவ்வளவு நேரம் காவல் இருந்தது என்னை அடிக்கத்தானே?"

"அடிக்கிறதுக்கு எனக்கு எதுக்குடா இவ்வளவு மெனக்கெடல்? நீதான் பொறிச் சிப்பைக் குடுத்து ஏமாத்திட்டேன்னு அர்ஹெமிரோ இப்ப ஆளுங்களோட வருவான், பஸ் ஸ்டாண்டுலயும் அவன் மச்சானுங்கதான், அதான் உன்னை வெளிய விடலை. உன் கையை ஒடிச்சுட்டா என் பெட்டியை அப்புறம் எவன் பாப்பான்? எந்திரி, அந்த மேசையைத் தள்ளிக் கதவுக்கு முட்டுக் குடு!"